எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

மீட்டரைப் பார்த்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தீர்களே தம்பி, அந்தச் சிரிப்பை இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் முகத்தில் பார்த்துவிட்டேன். நீங்கள் நான்காவது. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். கார் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் ரவுண்டானா வரை போய்த் திரும்பச் சொல்லியிருக்கிறேன். போக ஒன்றரை, வர ஒன்றரை, ஆக மூன்று கிலோமீட்டர். அதற்கு மேல் யாருக்கும் ட்ரையல் கிடையாது. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்க்க விடுவான். அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வர விடுவானா?

ஓட்டிப் பார்க்க உங்களிடம் சாவியைக் கொடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். வெளியாள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஓட்டட்டும், உங்கள் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கட்டும். இவர் பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் வண்டி ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. மூன்று கிலோமீட்டருக்கு ஃப்ளாஸ்க் நிறையக் காபி கேட்டார், பார்த்தீர்கள் அல்லவா? வெள்ளைச் சட்டை வேறு. வாங்க வருகிறவர் முன்னால் கொஞ்சம் மரியாதையாக நிற்போம் என்று தோன்றியிருக்கும். நான் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பிறகு இப்போதாவது புத்தி வந்ததே.

விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷம், எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். இதை நம்ப முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் கண் நேராக கிளட்ச் பெடலுக்குப் போனதை நானும் பார்த்தேன். பெடல் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கியர் குமிழில் நம்பர் அழிந்துவிட்டது. டிரைவர் சீட் பள்ளமாக இருக்கிறது. லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்குத்தான் இப்படி ஆகும், அதனால் நாங்கள் மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறோம். இதுதானே? முதலில் வந்த நகைக்கடைக்காரரும் இதையேதான் சொன்னார். இரண்டாவது வந்தவர் சொல்லவில்லை, மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். ரப்பர் மட்டமாகப் போட்டிருக்கிறான் கம்பெனிக்காரன், அதற்கு நான் என்ன செய்வது?

பின் சீட்டைப் பார்த்தீர்களா? ஷோரூமில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. டயரைப் பார்த்தீர்களா? புது டயரில் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்படியே இருக்கிறது. பதினோரு வருஷத்து டயரில் முடி. திருச்சி முழுக்கத் தேடினாலும் இன்னொரு வண்டியில் காட்ட முடியாது. நானே போன வாரம்தான் கவனித்தேன். அதற்கு முன்னால் ஏனோ கண்ணில் படவில்லை.

மீட்டரைத் திருப்புவதாம். நான் ஹோலி கிராஸ் சிஸ்டர்மாரிடம் பத்து வருஷம் படித்தவள் தம்பி. ஒரு பொருளை வைத்துக்கொள்வது எப்படி என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வருஷக் கடைசியில் எங்கள் பாடப்புத்தகங்களைக் கீழ் வகுப்புப் பெண்களுக்குப் பாதி விலைக்குக் கொடுப்போம். என் புத்தகம் மட்டும் முக்கால் விலைக்குப் போகும். காக்கி அட்டை கசங்கியிருக்காது, ஒரு பென்சில் கோடு இருக்காது. சிஸ்டர் ஃபிலோமினா ஒரு தடவை என் பூகோளப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதைத் திறந்தியா நீ?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பொறாமை. மார்க்கா? மார்க்கெல்லாம் பரவாயில்லை, பாஸ்.

அதே கைதான் இந்த வண்டியையும் வைத்துக்கொண்டது. வாங்கின அன்றைக்கே ஷோரூமில் இருந்த ஆள் சொன்னான்: வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது சாதாரணம், அதற்கு மேல் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் விலையில் ஒரு படி இறங்கும், ஐம்பதாயிரத்தில் ஒரு இறக்கம், லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவன் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். எனக்கு அது நெஞ்சில் பதிந்துவிட்டது. இவர் பக்கத்தில் நின்றுகொண்டு பாட்டு எந்த பட்டனில் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எது பதிய வேண்டுமோ அது பதிந்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்வது ஒன்றுதான். விற்கும்போது தெரியும். யார் எங்கே போக வேண்டும் என்று வாயைத் திறந்தாலும் அதுதான் பதில். போன மாதம் புனேயிலிருந்து என் மகள் சுபாஷிணி போனில் பேசும்போது, "சரிம்மா, வித்துக் காட்டு. நாலு லட்சத்துக்கு மேல ஒரு ரூபா வந்தாலும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள். கேட்கட்டும். நாலு லட்சத்து இருபதாயிரம் என்று நான் சொன்னது அதனால்தான். அந்த இருபதாயிரம் எனக்கு முக்கியமில்லை, தம்பி. நான் சொன்னது சரி என்று இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தாவது வர வேண்டும். அது இன்றைக்கு வர வேண்டும்.

மணி என்ன? பதினைந்து நிமிஷம்தானே ஆகிறது. ரவுண்டானாவில் நெரிசலாக இருக்கும்.

என்ன பார்க்கிறீர்கள், வண்டி எங்கேயும் போனதே இல்லையா என்றா? போகவில்லை என்பதற்குத்தான் எத்தனை சாட்சி வேண்டும்? இவருடைய தங்கை மங்கையர்க்கரசி காரைக்குடியில் இருக்கிறாள். அவள் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காரைக் கேட்டாள். பூச்சரத்தை செல்லோ டேப் போட்டு ஒட்டுவார்கள், பிரிக்கும்போது பெயின்ட் உரிந்துகொண்டு வரும். முடியாது என்றேன். நாங்களே ரயிலில்தான் போனோம். அன்றிலிருந்து அவள் எனக்கு போன் செய்வதில்லை. அவளைக் கேளுங்கள், இந்த வண்டி காரைக்குடிக்கு வந்ததா என்று. என்னைத் திட்டிக்கொண்டாவது உண்மையைச் சொல்வாள்.

என் மகளைக் கேளுங்கள். கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு பெட்டி, ஒரு படுக்கை, ஒரு பக்கெட். எல்லாப் பெண்களும் காரில் வந்து இறங்கினார்களாம், இவள் மட்டும் அப்பாவோடு பஸ்ஸில் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். நாலு வருஷம் அதைச் சொன்னாள், இன்னும் சொல்கிறாள். போக வர நானூறுக்கும் மேல் கிலோமீட்டர், தம்பி. ஒரு பக்கெட்டுக்காகவா?

இவருக்கு நெஞ்சு வலி வந்தது, மூன்று வருஷம் இருக்கும். அதிலும் நான் தடுமாறவில்லை. எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் ஓடி வந்து, சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று நின்றாள். அவள் ஓட்டுகிற லட்சணம் அவள் வண்டி பம்பரிலேயே எழுதியிருக்கிறது. ஆட்டோ என்றேன். ஆட்டோ சந்து பொந்தெல்லாம் நுழைந்து போகும், கார் போகுமா? இவர் ஆட்டோவில் ஏறும்போது போர்ட்டிகோவில் நின்ற காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அன்றைக்குக் காலையில்தான் கழுவியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் பெரிதாக இல்லை, வாயுக் கோளாறு மாதிரிதான். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கே வெளியே எடுக்காத வண்டியை நான் லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீட்டரைத் திருப்பினேனா?

அப்படியானால் எட்டாயிரம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சனிக்கிழமை தோறும் கோயில், அது போக ஆறு, வர ஆறு கிலோமீட்டர். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஒரு சுற்று. சுபாஷிணி கல்யாணத்துக்கு மண்டபம் வரை நாலு நடை. பெட்ரோல் பங்க். முதல் மூன்று சர்வீஸ். அதுதான் இலவசம். அதற்கு அப்புறம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பத்தாயிரமே வரவில்லை, எதை மாற்றுவது? நான் மாற்றவில்லை.

இல்லை, ஓடாமல் வைத்துக் கெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அதையும் மூன்றாவது சர்வீஸிலேயே கேட்டுக்கொண்டேன். வண்டியைச் சும்மா போட்டு வைக்காதீங்கம்மா, வாரத்துக்குப் பத்து நிமிஷமாவது ஸ்டார்ட் பண்ணி விடுங்க என்றான் சர்வீஸ் செய்தவன். செய்தோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்ட்டிகோவில் நிறுத்தி வைத்தபடியே பத்து நிமிஷம் இன்ஜின் ஓடும். சக்கரம் சுற்றாது, மீட்டர் நகராது, வண்டிக்கும் உடம்புக்கு நல்லது. இது என்னுடைய யோசனை. இவருக்குக் கொடுத்த வேலை.

அந்த வேலையில் இவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற எதிலும் அசமந்தம், இதில் மட்டும் அப்படி ஒரு கருத்து. நாலு வருஷத்துக்கு முன்னால் பொதுப்பணித் துறையிலிருந்து ரிட்டையர் ஆனார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை, தினமும். காலை டிபனை முடித்துக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பத்து நிமிஷம் என்பது ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் சாயங்காலமும். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நிற்கிற வண்டியில் பெல்ட், கேட்டீர்களா? கிளட்சை மிதிப்பார், கியரை மாற்றுவார், மிதிப்பார், மாற்றுவார். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறாராம். இண்டிகேட்டர் போடுவார். ஒரு நாள் எஸ்தர் டீச்சர் கேட்டைத் தட்டிக்கொண்டு வந்து, சம்பந்தம் சார் தினமும் பதினோரு மணிக்கு ரெண்டு தடவை ஹார்ன் அடிக்கிறாரே, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். நான் போய்க் கேட்டால், "வளைவு" என்கிறார். என்ன வளைவோ.

புகையில் என் செம்பருத்தி கருகிப்போயிற்று. பின்பக்கச் சுவருக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று, கரி போகவில்லை. இதெல்லாம் யாருக்காக? வண்டிக்காக. அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம்.

உள்ளே வரும்போது, "வந்துட்டேன்" என்பார். எங்கே போனீங்க வர்றதுக்கு என்று கேட்டால் நேராகக் கால் கழுவப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும் காலைக் கழுவிக்கொண்டே, "கும்பகோணம் தாண்டும்போது நல்ல மழை" என்றார். அறுபத்திரண்டு வயசில் விளையாட்டு. மாத்திரையைப் போட்டாரா என்று கேட்டேன்.

நீங்கள் ஏன் தம்பி என்னையே பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? காபி இல்லை, இருந்த டிகாக்‌ஷன் எல்லாம் ஃப்ளாஸ்கில் போய்விட்டது.

அரைமணி ஆகிறதா? இவர் போனை அடிக்கலாம் என்றால், அதோ பாருங்கள், டிவி பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறதி. ரவுண்டானாவில் காற்று அடிக்கிறாரோ என்னவோ. போன புதன்கிழமையும் காற்றடிக்க என்றுதான் எடுத்துக்கொண்டு போனார், இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். வரிசை என்றார். நான் மீட்டரைப் பார்த்தேன், ஐந்து கிலோமீட்டர்தான் கூடியிருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

உங்கள் மெக்கானிக்குக்கு அடியுங்களேன். எடுக்கவில்லையா? சரி, வருவார்கள்.

நடுவில் ஒரு புரோக்கரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். செல்வமணி என்று பெயர், வாயெல்லாம் பாக்கு. வண்டியைச் சுற்றி வந்தான், மீட்டரைப் பார்த்தான். "எட்டாயிரம்னு இருந்தா எவனும் நம்ப மாட்டாங்கம்மா. நாப்பதாயிரம்னு இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க. பாலக்கரையில நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், லேப்டாப் வெச்சுப் பத்து நிமிஷத்துல ஏத்திக் குடுத்துடுவான்" என்றான். கேட்டீர்களா அநியாயத்தை? ஊரெல்லாம் இறக்குகிறான், இவன் ஏற்றுகிறேன் என்கிறான். நான் பதினோரு வருஷம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, அந்த மாதிரி காலைக் கட்டிக் காப்பாற்றின நம்பரை இவன் பத்து நிமிஷத்தில் ஏற்றுவானாம். ஏற்றினாலும் இறக்கினாலும் பொய் பொய்தான், மீட்டரில் கை வைக்கிற கை விளங்காது, வெளியே போ என்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான்.

ஆனால் அவனை மன்னித்தாலும் மன்னிப்பேன். மூன்றாவதாக வந்தாரே ஒருத்தர், பெரம்பலூர்க்காரர், ஸ்கூல் நடத்துகிறார், அவர் முன்னால் நடந்ததை மன்னிக்க மாட்டேன். பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை. அவர் மரியாதையான மனுஷர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார், நம்பினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்து எண்பது வரை வந்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி, வண்டி சார் பேரில் இருக்கிறது, சார் வாயால் கேட்டுவிடுகிறேன் என்றார். கேளுங்கள் என்றேன். எனக்கு என்ன பயம்?

அவர் கேட்டார்: "வண்டியை வெளியூருக்கு எங்கேயாவது எடுத்திருக்கீங்களா சார்?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு, "தரங்கம்பாடிக்குப் போயிருக்கேன்" என்றார்.

"எத்தனை தடவை?"

"கணக்கு வெச்சுக்கலைங்க. அடிக்கடி."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அந்த மனுஷர் மீட்டரைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று எண்பது, கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

ஏன் அப்படி ஒரு பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கத்தினேன் என்றே சொல்கிறேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்கிறார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று முன்பின் தெரியாத ஆள் முன்னால் நிறுத்திவிட்டு, அவருக்குக் கோபம். இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

தரங்கம்பாடி என்பது இவருக்கு ஒரு வியாதி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே இரண்டு வருஷம் வேலை பார்த்தார். கடலுக்குப் பக்கத்தில் ஒரு ரூம், காலையில் எழுந்தால் அலை சத்தம், வறுத்த மீன், அது இது. கார் வாங்கின முதல் வாரமே ஒரு நடை போய்வருவோமா திலகா என்று கேட்டார். போக நூற்று ஐம்பத்தைந்து, வர நூற்று ஐம்பத்தைந்து. முன்னூற்றுப் பத்து. முதல் வாரத்திலேயே முன்னூற்றுப் பத்தா? அங்கே என்ன இருக்கிறது, தண்ணீர்தானே, இங்கே காவிரியில் இல்லாத தண்ணீரா என்று கேட்டேன். அப்புறம் வருஷா வருஷம் கேட்டார். பொங்கலுக்கு ஒரு தடவை, கல்யாண நாளுக்கு ஒரு தடவை. ரிட்டையர் ஆன அன்றைக்கு மாலையோடு உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை. விற்கும்போது தெரியும் என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். பார்த்தால் மனசில் வைத்துக்கொண்டிருந்து, நேரம் பார்த்து என் விலையில் கை வைத்திருக்கிறார்.

இன்றைக்கு நீங்கள் வருவதற்கு முன்னால் சொல்லித்தான் வைத்தேன். வாயைத் திறக்கக் கூடாது, ஓட்டிக் காட்டிவிட்டு வந்து ஆர்.டி.ஓ. ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் உங்கள் வேலை என்றேன். தலையை ஆட்டினார். மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐம்பது நிமிஷமா? இருக்காதே. உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

இதோ, அடிக்கிறது பாருங்கள். உங்கள் மெக்கானிக்தானே? ஸ்பீக்கரில் போடுங்கள். எனக்கும் கேட்கட்டும்.

"அண்ணே, நாங்க துவாக்குடி டோலைத் தாண்டிட்டோம்ணே. சார் ரவுண்டானாவுல திருப்பவே இல்ல. நானும் சொல்லிப் பாத்தேன், காபி ஊத்திக் குடுக்கறாரு."

துவாக்குடியா? அது தஞ்சாவூர் ரோடு அல்லவா? டோலில் எப்படி விட்டான்? எங்கள் வண்டியில் அந்த ஸ்டிக்கரே கிடையாதே.

"ஃபாஸ்டேக் புதுசா ஒட்டியிருக்கும்மா. காசும் போட்டு வெச்சிருக்காரு. அண்ணே, வண்டி விஷயம் கேளுங்க. மீட்டரை யாரும் தொடலைண்ணே, அம்மா சொன்னது நெசந்தான்."

கேட்டீர்களா தம்பி? உங்கள் ஆள் வாயாலேயே வந்துவிட்டது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி என் மகளுக்கு அனுப்புங்கள்.

"ஆனா இன்ஜின் லட்சம் ஓடின இன்ஜின்ணே. நிக்க வெச்சே ஓட்டியிருக்காங்க, சாரே சொன்னாரு. மணிக்கணக்கா ஓடியிருக்கு, மீட்டருக்குத்தான் தெரியாது. சார் நல்லா பாத்திருக்காரு, ஆயிலு, பெல்ட்டு, எல்லாம் அம்மா வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து வெளிய ஆளைக் கூட்டியாந்து டயத்துக்கு மாத்தியிருக்காரு. டயரு நாலும் புதுசு, போன வாரம் போட்டதாம். இல்லாட்டி இந்த வேகத்துல நான் உக்காந்திருக்க மாட்டேன்."

போன வாரம் என்றால் புதன்கிழமை. வரிசை என்றாரே.

இல்லை, நீங்கள் வைக்காதீர்கள். அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டும்போது பேச மாட்டாராமா? ஓரம் கட்டச் சொல்லுங்கள்.

என்னங்க, எங்கே போறீங்க?

"தரங்கம்பாடி."

யாரைக் கேட்டுப் போறீங்க? இந்தத் தம்பி இங்கே உட்கார்ந்திருக்கிறார், வண்டியை வாங்க வந்தவர்.

"ஃபார்ம் ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன் திலகா. டிவிக்குப் பின்னால வெச்சிருக்கேன். வித்துடு. மத்தியானம் எனக்குச் சமைக்க வேணாம்."

மீட்டர் என்ன காட்டுது? அதையாவது சொல்லுங்கள்.

"பாக்கலை."

வைத்துவிட்டார்.

பார்க்கவில்லையாம். பதினோரு வருஷமாக ராத்திரி கேட்டைப் பூட்டுவதற்கு முன்னால் டார்ச் அடித்து அந்த நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன். பார்க்கவில்லையாம்.

எங்கே எழுந்துகொள்கிறீர்கள்? நீங்கள் மெக்கானிக்கின் பைக்கில்தானே வந்தீர்கள், சாவி அவனிடம்தானே இருக்கிறது? உட்காருங்கள். ராத்திரி ஆகும் அவர்கள் திரும்ப. இவருக்கென்று போட்ட அரிசி குக்கரில் இருக்கிறது, சாப்பிடுங்கள். வத்தக்குழம்புதான். காலையிலிருந்து நானும் காபி குடிக்கவில்லை.

ஃபார்ம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். இருக்கிறது. இரண்டிலும் போட்டிருக்கிறார். தேதி நேற்றைய தேதி.

விலை அதேதான் தம்பி. நாலு இருபது. உங்கள் ஆளே மீட்டர் நிஜம் என்று சொல்லியாயிற்று. போர்ட்டிகோவில் நின்றுகொண்டே ஓடினதையெல்லாம் எந்த மீட்டரும் காட்டாது, காட்டாததற்கு நான் விலை குறைக்க மாட்டேன். என்ன, இப்போது போகிறதைக் காட்டுமே என்கிறீர்களா? எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும் முன்னூற்றுப் பத்தும், எட்டாயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு. என் கணக்கில் இல்லாத முன்னூற்றுப் பத்து.

அந்தப் புரோக்கர் செல்வமணி நம்பர் உங்களிடம் இருக்குமா? இருக்காது. என்னிடம்தான் இருக்கிறது, கோபத்தில் அழிக்க மறந்துவிட்டேன். பாலக்கரையில் ஒரு ஆள் இருக்கிறான் என்றான். பத்து நிமிஷ வேலை என்றான். முன்னூற்றுப் பத்துதானே. வெறும் முன்னூற்றுப் பத்து. நாளைக் காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் பழையபடி எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

சிரிக்காதீர்கள். அது பொய் இல்லையே, தம்பி. இருந்ததைத்தானே காட்டப் போகிறது?